ஆருட மூளை?

“மூளைக்குள்ள நெருப்புப் பத்தியிருக்கா மனே?”

முன்வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் காலை மடித்து ஏறி உட்கார்ந்திருந்த வயசான பெத்தா ஒருவர் கேட்டார். மச்சாள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சுவரில் கட்டியிருந்த வெள்ளைச் சேலையில் ஒரு மூளையின் படம் விழுந்துகொண்டிருந்தது. சாம்பல் நிற மூளை. நடுவே இரண்டு மூன்று இடங்களில் சிவப்பும் மஞ்சளும். பெத்தாவைக் குறை சொல்ல முடியாது. அடுப்புக்குள் கொள்ளி எரிவது போலத்தான் எனக்கும் தெரிந்தது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கிராமத்து மாதர் சங்கக் கட்டடம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மச்சாள் கனடாவில் மூளைப் படங்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறவள். மூன்று கிழமை லீவில் வந்திருந்தாள். நான் மட்டக்களப்பில் பிசியோதெரபி செய்கிறேன். பாரிசவாதம் வந்து கைகால் விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் என் அன்றாட வேலை. அப்படி நடந்து போன ஒருவரின் மனைவிதான் அந்தச் சங்கத்தின் தலைவி. “உங்கட மச்சாள் மூளை டொக்டராமே, எங்கட ஆக்களுக்கு ஒரு கூட்டம் வைக்கலாமே” என்று கேட்டார். டொக்டர் இல்லை, ஆராய்ச்சி என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான் என்பது அவருடைய கட்சி. சரி என்றுவிட்டோம்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். இந்தக் கட்டுரையில் மச்சாள் என்றால் அவள்.

அவள் கொண்டுவந்த படங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அவள் பேச, நான் இடையிடையே தமிழில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அவளுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. ஏ.எல். வரைக்கும் தமிழில் பயோ படித்தவள். ஆனால் பத்து வருடமாக மூளையைப் பற்றி அவள் தமிழில் ஒரு வசனம்கூடப் பேசியதில்லை. வீட்டில் மீன்குழம்பைப் பற்றிப் பேசும் தமிழ் வேறு இடத்தில் இருக்கிறது, வேலை வேறு இடத்தில் இருக்கிறது என்று வரும் வழியில் சொன்னாள். அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

நெருப்புக் கேள்விக்கு வருகிறேன். அது நெருப்பில்லை பெத்தா, கொம்பியூட்டர் பூசின நிறம் என்றாள் மச்சாள். மூளையில் ஓரிடம் கூடுதலாக வேலை செய்தால் அங்கே ஒட்சிசன் ஏறிய இரத்தம் கூடுதலாக ஓடி வரும். ஒட்சிசன் உள்ள இரத்தமும் ஒட்சிசன் குறைந்த இரத்தமும் காந்தத்துக்கு முன்னால் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அந்த வித்தியாசத்தை எம்.ஆர்.ஐ. பொறியால் பிடிக்கலாம் என்று 1990-இல் செய்ஜி ஒகாவாவும் அவரோடு வேலை செய்தவர்களும் எலிகளின் மூளையில் காட்டினார்கள். உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வருகிற சிவப்பு மஞ்சள் மூளைகள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவைதான். நிறத்தைப் பார்த்தால் ஏதோ பெரிய வெடிப்பு நடந்தது போல இருக்கும். அந்த இடத்துச் சமிக்ஞையில் ஏற்படும் மாற்றமோ பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிலிருந்து சில வரைதான். அதுவும் உடனே வராது. ஐந்தாறு செக்கன் பிந்தித்தான் உச்சத்துக்கு வரும். சாம்பலாகக் கிடக்கிற மீதி மூளை தூங்கவும் இல்லை. அங்கே காணப்பட்ட வித்தியாசம் ஆராய்ச்சியாளர் போட்ட கோட்டைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினால் இன்னும் நாலு இடத்தில் ‘நெருப்பு’ பற்றும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வரும்போது மச்சாளுக்குப் பழைய பாடப்புத்தகம் ஞாபகம் வந்துவிட்டது. “மூளையில பெரிய பகுதிக்கு மூளையம் எண்டு பேர். பின்னுக்குக் கீழ இருக்கிறது மூளி” என்றாள். கட்டடம் முழுக்கச் சிரிப்பு. அவளுக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் சிறுமூளைக்கு மூளி என்றுதான் பெயர்; ஊரில் மூளி என்றால் காது மூக்கில் நகை ஒன்றும் இல்லாதவள் என்று வைகிற சொல். “அப்ப எங்க எல்லாருக்குள்ளயும் ஒரு மூளி இரிக்காள்” என்று பின்வரிசையில் ஒரு பெண் சொன்னதோடு கூட்டம் கலகலத்துப் போனது. உண்மையைச் சொன்னால் அதுவரை பாடம் கேட்கிற முகத்தோடு இருந்தவர்கள், அதற்குப் பிறகுதான் கேட்கத் தொடங்கினார்கள்.

இந்தச் சொற்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மானிப்பாயில் மருத்துவம் பார்த்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 150 வருடத்துக்கு முன்பே தமிழில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். காரைதீவில் பிறந்த எங்கள் விபுலானந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல் ஆக்கும் வேலைக்குத் தலைமை தாங்கினார். இவ்வளவு பேர் தலையை உடைத்துச் செய்த பிறகும் தமிழ்நாட்டில் சிறுமூளையாகவும் முகுளமாகவும் இருப்பவை இங்கே மூளியாகவும் நீள்வளைய மையவிழையமாகவும் இருக்கின்றன. இரண்டு தமிழ் மாணவர்கள் மூளையைப் பற்றித் தமிழில் பேச வேண்டுமென்றால் ஆங்கிலச் சொல்லுக்குத்தான் போக வேண்டும். எனக்கு நீள்வளைய மையவிழையத்தில் ஒரு பாசமும் கிடையாது. மூளி மட்டும் அன்றிலிருந்து பிடித்துப்போனது.

சிரிப்பு அடங்கியதும் அதே பெத்தா மறுபடி கையைத் தூக்கினார்.

“அது சரி மனே, இது ஆருட மூளை?”

மச்சாள் வாயைத் திறந்தாள், மூடினாள். ஒராளுடையது இல்லை, கனபேருடைய மூளையைச் சேர்த்து எடுத்த சராசரி என்று சொன்னாள். சராசரி என்ற சொல் அந்தக் கட்டடத்துக்குள் விழுந்து அப்படியே கிடந்தது. நான் எழும்பினேன். அது வேளாண்மை வெட்டு முடிந்த காலம். “பெத்தா, இந்த முறை உங்கட வட்டையில ஏக்கருக்கு எத்தின மூடை?” பக்கத்தில் இருந்தவரோடு கதைத்து ஒரு கணக்குச் சொன்னார். “அவ்வளவும் விளைஞ்சது ஆருட வயல்ல?” கொஞ்ச நேரம் யோசித்தார். ஒருவருக்கு யானை வந்து மிதித்துப் போனது, ஒருவருக்குத் தண்ணீர் பிந்தி வந்தது, போடியாருக்கு அள்ளிக் கொடுத்தது என்று ஒவ்வொரு வயலாக எண்ணிப் பார்த்தார் போல. “அப்பிடி ஒருத்தர்ட வயலும் இல்ல” என்றார். பிறகு சேலையிலிருந்த மூளையைக் காட்டி, “அப்ப இதுவும் ஒருத்தர்டயும் இல்ல” என்றார்.

ஓம் என்றாள் மச்சாள்.

*

பெத்தாவின் கேள்வி சும்மா கேட்ட கேள்வி இல்லை என்பது திரும்பி வரும் வழியில்தான் எனக்கு விளங்கியது. மூளை ஆராய்ச்சி செய்கிறவர்கள் தங்களுக்குள்ளேயே இந்தக் கேள்வியோடு பல வருடமாக மல்லுக்கட்டுகிறார்கள்.

ஒவ்வொருவர் மூளையும் அளவிலும் மடிப்பிலும் வேறு. எனக்கு இந்த இடத்தில் இரத்தம் கூடியது என்று ஒரு ஆய்வுகூடம் சொன்னால், இன்னொரு ஆய்வுகூடத்துக்கு அது எந்த இடம் என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு விலாசம் வேண்டும். கல்லடிப் பாலத்திலிருந்து இத்தனை மீற்றர் கிழக்கே, இத்தனை மீற்றர் வடக்கே என்று வீட்டுக்கு வழி சொல்வது போல, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கிற ஒரு சின்ன நரம்புக்கட்டைப் பூச்சியமாக வைத்து, வலம் இடம், முன் பின், மேல் கீழ் என்று மில்லிமீற்றரில் மூன்று எண்கள் சொல்வார்கள். இந்த வழக்கத்தைப் பரப்பியது பிரான்சின் ஜான் தலராக்கும் பியர் தூர்னூவும் 1988-இல் வெளியிட்ட மூளை வரைபட நூல். வருடக்கணக்காக உலகத்து ஆய்வுகூடங்கள் தங்கள் கண்டுபிடிப்புகளை அந்த வரைபடத்தின் எண்களில்தான் பரிமாறிக்கொண்டன. அந்த வரைபடத்தில் இருந்த மூளை ஆருடையது?

இறந்துபோன 60 வயதுப் பெண் ஒருவருடையது. ஒரே ஒரு பெண்.

இதை மச்சாள் சொன்னபோது மண்முனைப் பாலத்தில் வந்துகொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது. கலிபோர்னியாவிலும் தோக்கியோவிலும் இருபது வயது மாணவர்களின் மூளைகளை எல்லாம் இழுத்தும் சுருக்கியும் ஒரு பிரெஞ்சுப் பெத்தாவின் மூளைக்குள் பொருத்தியிருக்கிறார்கள். பிறகு கனடாவின் மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தில் 152 பேருடைய படங்களைச் சேர்த்து ஒரு சராசரி மூளை செய்தார்கள். இப்போது பெரும்பாலும் அதுதான் பாவனையில் இருக்கிறது. பெத்தா பார்த்ததும் அந்த 152 பேர் சேர்ந்த சாம்பல் மூளையைத்தான்.

அந்த 152 பேரில் படுவான்கரை ஆள் ஒருவரும் இருக்க வழியில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. இது மூளைப் படத்தோடு நிற்கிற சங்கதியும் இல்லை. 2010-இல் ஜோசப் ஹென்றிக்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் ஒரு கணக்கை எடுத்துப் போட்டார்கள். உளவியலின் முன்னணி ஆய்விதழ்களில் வந்த ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 96 வீதமானவர்கள், உலக சனத்தொகையில் 12 வீதம் மட்டும் வாழ்கிற நாடுகளைச் சேர்ந்தவர்கள். அதிலும் பெரும்பகுதி கல்லூரி மாணவர்கள். ‘மனித மனம் இப்படி’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது வட்டையின் ஏக்கர்க் கணக்குத்தான் ஞாபகம் வருகிறது. ஆருட வயலில் அளந்தது?

*

மட்டக்களப்பைப் பற்றி எழுதினால் பாடும் மீனைக் கொண்டுவராமல் விடமாட்டார்கள். நான் செத்த மீனைப் பற்றி எழுதுகிறேன்.

மூளை ஆராய்ச்சியாளர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது பெரிய மகாநாடுகளில் கூடுவார்கள். மேடைப் பேச்சு கொஞ்சப் பேருக்குத்தான். மற்றவர்கள் தங்கள் வேலையை ஒரு பெரிய தாளில் அச்சடித்துப் பலகையில் குத்திவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார்கள். மச்சாள் அதை விவரித்தபோது எனக்கு ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் கடை போட்டிருப்பதுதான் கண்ணுக்குள் வந்தது. வரிசை வரிசையாகப் பலகை. சனம் நடந்து போகும், நிற்கும், ஒரு கேள்வி கேட்கும், நகரும். பெரிய பேராசிரியர் ஒருவர் வந்து நின்று “இந்தக் கோடு ஏன் இங்கே வளைகிறது?” என்று கேட்டால், படிக்கிற பிள்ளை அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். ஒருமுறை அப்படி ஒருவர் கேட்ட கேள்வியால் எட்டு மாத வேலையைத் திருப்பிச் செய்தேன் என்றாள் மச்சாள். கோபமாகச் சொல்லவில்லை.

2009-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த மூளைப் பட ஆய்வாளர் மகாநாட்டில் கிரெய்க் பெனட்டும் கூட்டாளிகளும் அப்படி ஒரு தாளைக் குத்தினார்கள். ஒரு சால்மன் மீனை எம்.ஆர்.ஐ. பொறிக்குள் வைத்து, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகுகிற படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று மீனைக் கேட்டிருக்கிறார்கள். மீன் செத்த மீன். பலர் வழக்கமாகச் செய்கிற விதத்தில் கணக்குப் பார்த்தபோது மீனின் மூளைக்குள் சிவப்புப் புள்ளி வந்தது.

இந்தக் கதையை மச்சாள் சங்கத்திலும் சொன்னாள். மீன் வாங்கி, மீன் விற்று, மீன் அரிந்து வளர்ந்த பெண்கள். சிரித்து முடித்த கையோடு ஒருவர் கேட்டார், அப்ப மிசின் பிழையா என்று. மிசின் பிழையில்லை. ஒரு மூளைப் படத்தில் பல்லாயிரம் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் ‘இங்கே ஏதும் மாறியதா’ என்று தனித்தனியாகக் கேட்டால், ஒன்றுமே மாறாவிட்டாலும் சில கட்டங்கள் தற்செயலாக ஓம் என்று சொல்லும். லொத்தர் மாதிரித்தான். லட்சம் பேர் சீட்டு எடுத்தால் ஆருக்கோ விழும். விழுந்தவருக்கு எண் பார்க்கத் தெரியும் என்று அர்த்தமில்லை. அந்தத் தற்செயலைக் கழிக்க முறைகள் ஏற்கெனவே இருந்தன. கழித்தபோது மீனின் புள்ளி மறைந்தது. ஆனால் அந்தக் காலத்தில் கணிசமான ஆய்வுகள் கழிக்காமலே வெளிவந்துகொண்டிருந்தன. கழியுங்கள் கழியுங்கள் என்று எத்தனையோ கட்டுரைகள் சொல்லியும் உறைக்காதது ஒரு செத்த மீனால் உறைத்தது. 2012-இல் அந்த மீனுக்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கிற பரிசு அது.

*

எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கதை இன்னும் பழையது.

1888. பார்சலோனாவில் சந்தியாகோ ரமோன் இ கஹால் என்ற உடற்கூற்று ஆசிரியர். இத்தாலியின் கமில்லோ கொல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயத்தைக் குஞ்சுப் பறவைகளின் மூளைத் துண்டுகளில் ஏற்றிப் பார்க்கிறார். நரம்பெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்று அப்போது பலர் நம்பினார்கள். கஹாலின் கண்ணுக்கோ ஒவ்வொரு கலமும் தனித்தனியாக, கிளை விரித்து, அடுத்ததைத் தொடுகிற அளவுக்குக் கிட்டப் போய் நிற்பது தெரிகிறது. இதை எங்கே வெளியிடுவது? காத்திருக்கப் பொறுமையில்லாமல் தானே ஒரு ஆய்விதழைத் தொடங்கினார். தன் கைக்காசில் 60 பிரதிகள். பெரும்பாலானவற்றை வெளிநாட்டு அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பினார். கிணற்றில் கல் போட்ட மாதிரி. ஸ்பானிய மொழியில் இருந்ததை ஆர் வாசிப்பார்கள்?

அடுத்த வருடம் சேமித்த காசில் பெர்லினுக்கு ரயில் ஏறினார், ஜெர்மன் உடற்கூற்றுச் சங்கத்தின் கூட்டத்துக்கு. கையில் தன் கண்ணாடித் துண்டுகள். மேசையில் நுணுக்குக்காட்டிகளை வைத்து, துண்டுகளைப் பொருத்தி, வருகிறவர்களை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். அவருடைய பிரெஞ்சு தட்டுத்தடுமாறிய பிரெஞ்சு. கூட்டத்திலேயே பெரிய ஆள் அல்பர்ட் கோலிக்கர், 72 வயது. அவர் குனிந்து பார்த்தார். பார்த்த பிறகு வாதம் இல்லை. அந்த வயதுக்குப் பிறகு, கஹாலை வாசிப்பதற்காகவே அந்தக் கிழவர் ஸ்பானிய மொழி படித்தார்.

60 பிரதிகளால் ஆகாதது ஒரு மேசையில் ஆகிவிட்டது. கோலிக்கரால் குனிந்து பார்க்க முடிந்தது, இதைத் தள்ளு, அதைக் காட்டு, வேறு துண்டு இருக்கிறதா என்று கேட்க முடிந்தது. பெத்தாவும் அதைத்தான் செய்தார். கேட்கிறவர் இடையில் புகுந்து கேட்கக்கூடிய தூரத்தில் இருந்தால்தான் இந்த விஞ்ஞானம் சரியாகக் கைமாறுகிறது என்பது என் கட்சி. (1906-இல் கஹாலுக்கும் கொல்ஜிக்கும் நோபல் பரிசைப் பாதிப்பாதியாகக் கொடுத்தார்கள். கொல்ஜி பரிசுரையிலேயே கஹாலின் கருத்து பிழை என்று பேசிவிட்டுப் போனார். கிட்ட இருந்தாலும் எல்லாரும் கேட்பார்கள் என்றில்லை.)

ஆள் பார்க்காமல் போகிற கண்டுபிடிப்புகளுக்கு என்ன நடக்கிறது என்பதை எங்கள் டவுன் மதிலில் பார்க்கலாம். ‘உங்கள் பிள்ளையின் வலது மூளையை விழிக்கச் செய்யுங்கள்’ என்று நோட்டீஸ். என் தங்கையும் மகனை ஒரு வகுப்பில் சேர்த்தாள். கட்டணம் ரியூசனைப் போல மூன்று மடங்கு. பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்க்கப் பழகியதுதான் மிச்சம். மூளையின் இரு பாதிகளும் சில வேலைகளைப் பிரித்துச் செய்வது உண்மை. அதைக் காட்டியதற்கு ரோஜர் ஸ்பெரிக்கு 1981-இல் நோபல் கிடைத்தது. ஆனால் அவர் பார்த்தது, வலிப்பு நோய்க்காக இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பட்டையையே வெட்டிய ஆட்களை. அங்கிருந்து ‘வலது மூளைப் பிள்ளை, இடது மூளைப் பிள்ளை’ என்பது வரைக்கும் வந்த பாதையில் ஒருவரும் இடையில் நின்று ஆருட மூளை என்று கேட்கவில்லை. 2013-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1011 பேருடைய மூளைப் படங்களைப் பார்த்தார்கள். ஒரு பாதி ஓங்கிய ஆட்கள் என்று ஒரு வகை தென்படவில்லை. மொசார்ட் கேட்டால் குழந்தைக்குப் புத்தி வளரும் என்பதும் இதே கதைதான். 1993-இல் நேச்சர் இதழில் வந்த அந்தச் சின்ன ஆய்வில் இருந்தவர்கள் 36 கல்லூரி மாணவர்கள், பலன் நின்றது பத்துப் பதினைந்து நிமிடம். ஐந்து வருடத்தில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் இசைத்தட்டுக் கொடுக்க அரசுப் பணம் கேட்கிற அளவுக்கு அது ஊதிப் பெருத்தது. அந்த 36 பேரில் ஒரு குழந்தையும் இல்லை.

*

என் வேலையிலும் ஒரு சம்பவம்.

இடது முன்கையை இழந்த ஒருவர் வந்தார், மேசன் வேலை செய்தவர். இல்லாத விரலில் கலியாண மோதிரம் இறுகுகிறது, இரவில் நித்திரை இல்லை என்றார். வீட்டில் சொன்னால் மூளை குழம்பிவிட்டது என்கிறார்களாம். அப்படி இல்லை, இதற்கு ‘மாய உறுப்பு’ என்று பெயர் இருக்கிறது, இது பலருக்கு வரும் என்று சொன்னதுமே அவர் முகம் பாதி இளகியது. இதை முதலில் ஊருக்குச் சொன்னவரும் நேராகச் சொல்லவில்லை என்பது வேடிக்கை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்த சைலஸ் வீர் மிச்சல், 1866-இல் ஒரு பொது மாத இதழில் தன் பெயர் போடாமல் அதைக் கதையாகத்தான் எழுதினார். கதைநாயகனுக்கு இரண்டு கையும் இல்லை, இரண்டு காலும் இல்லை. வாசித்தவர்கள் அதை உண்மை என்று நம்பி அவனுக்குப் பணம்கூடச் சேர்த்தார்கள்.

தமிழ்நாட்டில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இந்த நோவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியைச் செய்தார். இருக்கிற கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து அசைத்தால், பிம்பத்தில் இல்லாத கை அசைவது போலத் தெரியும். இறுகிய விரலை விரிக்கலாம். ஒரு நவீனப் பொறியும் வேண்டாம். விஸ்கோத்து அட்டைப் பெட்டி ஒன்றும் காத்தான்குடியில் வெட்டி வாங்கிய முகம் பார்க்கும் கண்ணாடியும் போதுமாக இருந்தன. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம், எத்தனை கிழமை? எனக்குத் தேவையான ஆய்வுக் கட்டுரை ஒரு ஆய்விதழின் பூட்டுக்குள் கிடந்தது. திறக்கக் கேட்ட காசு என் இரண்டு நாள் சம்பளம். மச்சாளைக் கேட்டேன். “எழுதினவருக்கே ஈமெயில் போடுங்க மச்சாள், அவருக்கு அந்தக் காசில ஒரு சதமும் போறதில்ல” என்றாள். இரவு பதினொரு மணிக்குப் போட்டேன். விடிய முன் கட்டுரை வந்திருந்தது. கூடவே நாலு வரி, நோயாளிக்குத் தொடக்கத்தில் தலைசுற்றினால் பயப்பட வேண்டாம், நேரத்தைக் குறையுங்கள் என்று. அந்த நாலு வரி கட்டுரையில் இல்லை.

அவருக்குக் குணமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். மூன்று கிழமையில் இரவில் நித்திரை கொண்டார். பிறகு ஒரு மழைக்காலத்தில் மோதிரம் திரும்ப இறுகியது, பெட்டியைத் திரும்ப எடுத்தார். 2007-இல் கால் இழந்த 22 அமெரிக்கப் படையினரை வைத்துச் செய்த ஆய்வில் கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் நோவு குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லாருக்கும் அப்படி இல்லை. நான் அவரிடம் இரண்டையும் சொல்லித்தான் பெட்டியைக் கொடுத்தேன்.

*

கூட்டம் முடிந்து தேத்தண்ணி கொடுக்கும்போது ஒரு பெண் ஓரமாக வந்தார். மகனுக்குப் பத்து வயது, வலிப்பு வருகிறது. வந்தால் கையில் திறப்பைக் கொடுக்கிறார்கள், வாய்க்குள் கரண்டி வைக்கிறார்கள், நூல் கட்டியிருக்கிறது. இதற்கு உங்கள் படத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

மச்சாளின் படத்தில் ஒன்றும் இல்லை. அவள் அதை அப்படியே சொன்னாள். நான் சொன்னேன்: வாய்க்குள் எதையும் வைக்க வேண்டாம், அமுக்கிப் பிடிக்க வேண்டாம், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் வாகனம் பிடியுங்கள், நின்றாலும் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள், மருந்து இருக்கிறது. நூல் கிடந்தால் கிடக்கட்டும்.

ஓட்டோவில் மச்சாள் அமைதியாக வந்தாள். மடியில் சங்கத்தார் கொடுத்த தயிர்ச் சட்டி. மண்முனைப் பாலம் 2014-இல் திறந்தது; அதற்கு முதல் இந்த இடத்தில் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும், பாரிசவாதக்காரரையும் அப்படித்தான் கொண்டு வருவார்கள், காத்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் நரம்புக்கலம் செத்துக்கொண்டிருக்கும் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். “நிமிசத்துக்கு 19 லட்சம்” என்றாள். 2006-இல் ஒருவர் கணக்குப் போட்டதாம், பெரிய குழாய் அடைத்தால் அவ்வளவு. பிறகு தானாகவே ஹெச்.எம். கதையைத் தொடங்கினாள். அந்தப் பையனைப் போல வலிப்போடு இருந்தவர்தான். 1953-இல் அதை நிறுத்த மூளையின் இரண்டு பக்கத்திலும் உட்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் அவர் நினைவில் தங்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகத்துப் பாடப்புத்தகங்களில் எல்லாம் அவர் இரண்டு எழுத்துத்தான். 2008-இல் செத்த பிறகுதான் ஹென்றி மொலேசன் என்ற பெயர் வெளியே வந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவின் சான் டியேகோவில் அவர் மூளையை 2401 சீவல்களாக வெட்டியதை இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். “நானும் இரவிரவா முழிச்சிருந்து பார்த்தன். அப்ப அது எனக்கு மூளையாத்தான் தெரிஞ்சது” என்றாள்.

மூன்று மாதம் கழித்து வட்ஸ்அப்பில் வந்தாள். அவளுடைய ஆய்வுக் கட்டுரை முடிந்துவிட்டது. ஆய்விதழ் பார்த்து முடிக்க மாதக்கணக்காகும் என்பதால், 2013-இலிருந்து உயிரியல்காரர்கள் செய்வது போல பயோஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் போட்டுவிட்டாள். ஆரும் காசில்லாமல் வாசிக்கலாம், பிழை பிடிக்கலாம். இப்போது அதை ஒரு பக்கத் தமிழில் எழுதி மாதர் சங்கத்து நோட்டீஸ் போட்டில் ஒட்ட வேண்டும் என்றாள்.

ஒரு கிழமை ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டோம். ஆங்கிலத்தில் அவள் பக்கத்துக்குப் பக்கம் ‘அக்டிவேஷன்’ என்று எழுதியிருந்தாள். உயிர்ப்பு என்றால் மற்ற இடம் செத்துவிட்டது போல இருக்கிறது. தூண்டல் என்றால் ஆர் தூண்டியது? விழிப்பு என்றால் டவுன் மதில் நோட்டீஸ்காரர் வந்து நிற்பார். கடைசியில் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு ‘இரத்தம் கொஞ்சம் கூடுதலாக ஓடிய இடம்’ என்று எழுதினோம். அனுப்பி ஒரு மணி நேரம் கழித்து அவளிடமிருந்து பதில்: “மச்சாள், நான் கண்டுபிடிச்சது இவ்வளவுதான். இங்கிலிஸ்ல கொஞ்சம் கூடச் சொல்லிட்டன் போல.”

நிறப் படத்தையும் எடுத்துவிட்டோம். நெருப்பு என்று யாரும் நினைக்கக் கூடாதே. மூளியை எடுக்கச் சொன்னேன், அவள் சம்மதிக்கவில்லை.

தாளைச் சங்கத்தில் சீட்டுக் கணக்குக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். நான் அடுத்த முறை போனபோது தலைவி அதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பெத்தா முழுவதும் கேட்டார். மூளி வந்த இடத்தில் சிரித்தார். முடிந்ததும் தாளின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்.

“எல்லாம் சரி மனே. அந்த நெருப்புப் படம் எங்க?”